பத்துப் பேர் எங்கே போனார்கள்?

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 100 பேரில் தேநீர் குடிப்பவர் 60, காபி 50, பால் 30, தேநீரும் காபியும் 25, காபியும் பாலும் 15, தேநீரும் பாலும் 20, மூன்றும் 10. தேநீர் மட்டும் குடிப்பவர் 60-இல் 25-ஐயும் 20-ஐயும் கழித்து 15 என்று போட்டேன். விடைக்குறிப்பில் 25 என்றிருக்கிறது. அரை நிமிடத்தில் முடிக்கச் சூத்திரம் உண்டா? எந்த வழிகாட்டி நூல் வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,

நூல் எதுவும் வாங்க வேண்டாம், கையிலிருப்பதே போதும். என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் 15தான்.

எங்கள் கணக்காசிரியர் ஒருநாள் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள் போட்டு, மூன்றும் கூடும் நடுவில் என்னை நிறுத்தினார். வட்டம் வட்டமாகத் தலைகளைத் தொட்டு எண்ணியபோது என் தலையை மூன்று முறை தொட்டார். பிறகு இரண்டிரண்டு வட்டங்களுக்குப் பொதுவானவர்களைக் கழித்தபோது என்னையும் மூன்று முறை கழித்தார். வெயிலில் நின்றுகொண்டிருந்த நான் கணக்கில் இல்லாதவனாகிவிட்டேன். தனித்தனி எண்ணிக்கைகளைக் கூட்டி, இரண்டிரண்டுக்குப் பொதுவானதைக் கழித்து, மூன்றுக்கும் பொதுவானதைக் கூட்டும் சூத்திரத்தின் கடைசியில் வரும் கூட்டல் குறி அப்படிக் காணாமல் போனவர்களைத் திரும்ப அழைப்பதற்கானது என்பதை அதற்குப் பின் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் செய்ததும் அதே குளறுபடிதான். தேநீரும் காபியும் குடிக்கும் 25 பேருக்குள்ளும், தேநீரும் பாலும் குடிக்கும் 20 பேருக்குள்ளும் மூன்றையும் குடிக்கும் அந்தப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களை இருமுறை வெளியேற்றிவிட்டு, விடைக்குறிப்பைச் சந்தேகிக்கிறீர்கள்! அதே போல மூன்று வட்டங்கள் போட்டு, நடுவில் 10 என்று முதலில் எழுதியிருந்தால், பாலில்லாமல் தேநீரும் காபியும் 15, காபியில்லாமல் தேநீரும் பாலும் 10 என்று தாமாக விழுந்திருக்கும். 60-இல் இந்த மூன்றும் போக மீதி 25. உள்ளிருந்து வெளியே வர வேண்டிய கணக்கை நீங்கள் வெளியிலிருந்து உள்ளே இடித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

வட்டங்களைச் சுற்றி ஒரு செவ்வகமும் போடுங்கள், சோம்பல்படாதீர்கள். எதையும் குடிக்காத 10 பேருக்கும் இடம் வேண்டும். சேர்ப்புக் கணத்துக்கு, அதாவது எல்லா வட்டங்களும் சேர்ந்த பரப்புக்கு, வெளியே இருப்பவர் எந்தக் கணத்திலும் இல்லாதவர் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்த விதி கணித அறிஞர் டி மார்கனுடையது. அவர் 1806-இல் பிறந்தது நம் மதுரையில்தான். இந்த வட்டப் படங்களுக்குப் பெயர் தந்த வென் அவற்றை வெளியிட்டது 1880-இல். அது தேர்வுக்கு வேண்டாம்.

காபி மட்டும் குடிப்பவர் எத்தனை பேர் என்று விடைக்குறிப்பைத் திறக்காமல் போட்டு, படத்தோடு எனக்கு அனுப்புங்கள்.