பழைய போட்டோவில் இருப்பது எந்த மரம்?

கேள்வி: மகள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் படிக்கிறாள். அங்கே பழைய கடையில் வாங்கியதென்று தேதியில்லாத மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் சங்கிலி வேலி போட்ட பெரிய ஓக் மரம், இன்னொன்றில் இரும்பு வளைவு, மூன்றாவதில் ஒரு தேவாலயம். எந்தக் காலத்துப் படங்கள்?
- வாசகி, கோவை

பதில்: அது ‘தனக்குத்தானே சொந்தமான மரம்’. நிழலில் மயங்கிய கர்னல் ஜாக்சன் என்பவர் நிலத்தை மரத்தின் பேருக்கே எழுதிவைத்தார் என்பது ஊர்க்கதை. பத்திரம் யாரிடமும் இல்லை, ஆனாலும் ஊரே அதை மதிக்கிறது! அந்த மரம் 1942இல் சாய்ந்துவிட, அதன் விதையில் முளைத்த கன்றை 1946இல் அதே இடத்தில் நட்டார்கள். படத்தில் கிழட்டு மரம் என்றால் 1942க்கு முந்தையது, மெலிந்த கன்று என்றால் பிந்தையது.

அடுத்தது, பல்கலைக்கழக வாசலின் இரும்பு வளைவு. பட்டம் வாங்கும் முன் அதனடியில் நடந்தால் பட்டமே கிடைக்காதாம், அதனால் பிள்ளைகள் பக்கவாட்டில்தான் போவார்கள். 1961இல் முதல் இரண்டு கறுப்பின மாணவர்கள் வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

மூன்றாவதில் தேவாலயம் முழுசாக நிற்கிறதா? அப்படியானால் பத்திரப்படுத்துங்கள். ஆர்.இ.எம். என்ற ராக் இசைக்குழு 1980இல் முதன்முதலாகப் பாடிய இடம் அது. இன்று கோபுரம் மட்டும்தான் மிச்சம்.