கேள்வி – பதில்: குறைந்த விலையில் கேமிங் மானிட்டர்

கேள்வி: பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் கேமிங் மானிட்டர் வாங்க எண்ணுகிறேன். 24 அங்குலம், 27 அங்குலம் இரண்டில் எது நல்லது?

பதில்: தயங்காமல் 24 அங்குலத்தையே வாங்குங்கள். இந்த விலைக்குரிய 1920×1080 பிக்சல்கள் 27 அங்குலத்தில் பரவும்போது, மேசையருகே அமர்ந்து பார்ப்பவருக்கு எழுத்துகளின் விளிம்பு பிசிறடித்துத் தெரியும். மிச்சமாகும் பணத்தை ரெஃப்ரெஷ் ரேட்டில், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று ஹெர்ட்ஸில் சொல்லும் அளவில், போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் (தனிப்படமும்) ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட் நிற்க, 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகக் குறைவதால், விரைந்து நகரும் எதிரியைக் கண் தொடர்வது எளிதாகிறது. ஆனால், நொடிக்கு அத்தனை ஃப்ரேம்களை உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு தருமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் '1 மில்லிசெகண்ட்' ரெஸ்பான்ஸ் டைம் (காட்சி மாறும் வேகத்தின் அளவு) பல மாடல்களில் பின்னொளியை விட்டுவிட்டு எரியச்செய்து பெற்ற கணக்கு என்பதால், அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். மானிட்டரை இணைத்த பிறகு, விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். இல்லையேல் அது 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.