வாசகர் கேள்விகள்: கூட்டத்துக்குப் பிடிக்கும் பித்து

கேள்வி: தலைவர்கள், நடிகர்கள், ஆட்டக்காரர்கள் மீது மக்கள் கொள்ளும் வெறித்தனமான பற்று, தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்த பிறகு தோன்றிய நோய்தானே?

பதில்: அவை நோயை விரைவாகப் பரப்புகின்றன; நோய் மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) தேர்ப்பந்தய ரசிகர்கள் நீலம், பச்சை என அணி பிரிந்து நின்றார்கள். முன்தலை முடியை ஒட்ட வெட்டி, பின்முடியை ஹூணர்களைப் போலத் தொங்கவிட்டு, கையை வீசிக் கூச்சலிடும்போது தோள் புடைத்துத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மணிக்கட்டில் இறுகி மேலே உப்பிய சட்டைகளை அவர்கள் அணிந்ததாக, அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். 532 ஜனவரியில், தூக்குமரம் முறிந்ததால் உயிர் தப்பிய இருவருக்கு (ஒருவர் நீலம், மற்றவர் பச்சை) மன்னிப்புக் கோரி, பரம விரோதிகளான இரு அணிகளும் கைகோத்தன. பேரரசர் ஜஸ்டினியன் இணங்காததால் மூண்ட கலவரத்தில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. பந்தயத் திடலுக்குள் படை புகுந்து 30,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றதாகப் புரோகோப்பியஸே கணக்குச் சொல்கிறார். வரிச்சுமை மீதான ஆத்திரமும் அதில் கலந்திருந்தது உண்மைதான். ஆனால் ஒரே குரலில் முழங்கிப் பழகிய ரசிகர் கூட்டம் முன்பே திரண்டிருக்கவில்லையென்றால், அந்த ஆத்திரம் வீட்டுத் திண்ணைப் புலம்பலாகவே முடிந்திருக்கும் என்பது என் கருத்து. ரசிகர் பட்டாளத்தின் மீது அரசியல்வாதிகளுக்கு எப்போதும் ஒரு கண் இருப்பதன் காரணமும் இதுதான்.

கேள்வி: படித்தவர்கள்கூடப் பங்குச்சந்தை மோகத்தில் பணத்தைத் தொலைக்கிறார்களே, எப்படி?

பதில்: நியூட்டனைவிடக் கணக்கறிந்தவர் யார்? 1720ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுமார் 128 பவுண்டுக்கு விற்ற சவுத் சீ கம்பெனியின் பங்கு, கோடையில் 1,000 பவுண்டை எட்டிப்பிடித்து, ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே வந்து விழுந்தது. நல்ல லாபத்தில் விற்று வெளியேறியிருந்த நியூட்டன், விலை மேலும் ஏறுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், கூடுதல் விலை கொடுத்து மறுபடியும் வாங்கிப் பெருந்தொகையை இழந்தார். கம்பெனியைப் பற்றி அவர் புதிதாக எதையும் தெரிந்துகொண்டு திரும்பவில்லை; தாம் விட்ட லாபத்தை மற்றவர்கள் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் திரும்பினார்.

கேள்வி: மைதானத்தில் யாரோ ஆடி ஜெயிக்க, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ‘நாம் ஜெயித்துவிட்டோம்’ என்று குதிப்பது ஏன்?

பதில்: அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வென்றால், அடுத்த திங்கட்கிழமை அதன் பெயர் பொறித்த உடையோடு வகுப்புக்கு வரும் மாணவர்கள் கூடினார்கள். வெற்றியைச் சொல்லும்போது ‘நாம்’ என்றவர்கள், தோல்வியைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்று நழுவினார்கள். சொந்த வாழ்க்கையில் பெருமைக்குத் தட்டுப்பாடு வரும் நேரத்தில் பிறர் வெற்றியில் பங்கு கேட்கும் ஆசை இன்னும் கூடுகிறது. ஒரு சிறு தேர்வில் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லப்பட்ட மாணவர்களிடம்தான் இந்த நழுவல் அதிகமாகத் தெரிந்தது.