வலிப்புக்குப் பிறகு கை விழுந்துவிட்டது, இது பக்கவாதமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு 21 வயது. 15 வயதில் வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் சின்னப் புள்ளி, பூச்சி முட்டையின் தழும்பு என்றார்கள். நாங்கள் பன்றிக்கறி தொடுவதே இல்லை. மாத்திரையில் நன்றாக இருந்தாள். மூன்று வருடமாக ஒன்றும் வராததால் தைப் பொங்கலோடு நிறுத்திவிட்டாள். போன மாதம் ஊர்க் கோயில் பண்டிகைக்கு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் விடிகாலை வலிப்பு வந்தது. அடங்கிய பிறகு வலது கை தூக்க வரவில்லை, வாய் குழறியது. பக்கவாதம் என்று எல்லோரும் அழுதோம். கணப்பில் கையைக் காட்டி, எண்ணெய் தேய்த்து, பத்து மணிக்குத்தான் கோவைக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் கை தானாக வந்துவிட்டது. 'டாட்ஸ் பராலிசிஸ், பயப்படாதீர்கள்' என்று மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஆனால் என் நாத்தனார் இது பக்கவாதத்தின் முதல் அடி, புறா ரத்தம் தேய்க்க வேண்டும் என்கிறார். மகளோ அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'என் கை எங்கம்மா போயிருந்துச்சு?' என்று மட்டும் கேட்டாள். என்ன சொல்ல?

- பெயர் வெளியிட விரும்பாத தாய், நீலகிரி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளுக்கு வந்தது பக்கவாதம் இல்லை. வலிப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் கை விழுந்து, தானாகத் திரும்பி வருவதைத்தான் 'டாட்ஸ் பராலிசிஸ்' என்கிறார்கள். கோவை மருத்துவர்கள் ஸ்கேன் பார்த்துச் சொன்னது சரி. கை முழுசாகத் திரும்பி வந்ததும் அதையே காட்டுகிறது. புறாவை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த ரத்தத்தால் நரம்புக்கு எதுவும் ஆகாது. அதைத் தேடி அலையும் நேரம்தான் வீண்.

கை எங்கே போயிருந்தது என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. கை எங்கும் போகவில்லை. கையை ஆட்டிவைக்கும் மூளைப்பகுதி களைத்துப் படுத்துவிட்டது. வலிப்பின்போது அந்த இடத்து செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் மின்துடிப்பை வீசுகின்றன. அப்புறம் மூளையே தன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. அந்த இடத்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் சில மணி நேரம் குறையலாம். பிரேக் தளரும்வரை கைக்கு உத்தரவு வராது. வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டையும் நடத்துவது மூளையின் இடது பாதி. ஆகவே வலிப்பு அங்கேதான் கிளம்பியிருக்க வேண்டும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தப் பழைய புள்ளி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இடது பக்கம் என்றால் கணக்கு நேராகிவிடும்.

அயர்லாந்தில் பிறந்து லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இருந்த ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவர் 1849லேயே இதை விவரித்தார். அவர் பெயர்தான் உங்கள் சீட்டில் இருக்கிறது. அரை மணியில் சரியாகிறவர்கள் உண்டு, ஒன்றரை நாள் எடுக்கிறவர்களும் உண்டு. சராசரியாக 15 மணி நேரம் என்பார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. கையைப் பிடித்துவிட்டதாலோ எண்ணெய் தேய்த்ததாலோ அது வரவில்லை, அதற்கான நேரம் வந்ததும் வந்தது.

அப்படியானால் வீட்டிலேயே காத்திருந்திருக்கலாமா? கூடாது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் மலையில் வேலை பார்த்த காலத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டுவந்தார்கள். பல வருட வலிப்பு நோயாளி. ஒவ்வொரு முறையும் இடது கை ஒரு மணி நேரம் விழுந்து எழும், வீட்டுக்குப் பழகிப்போன விஷயம். அன்று காலை வாசற்படியில் விழுந்தவருக்குக் கை சாயங்காலம்வரை வரவில்லை. நானும் 'எப்பவும் இப்படித்தானே வரும்?' என்று கேட்டேன். மனைவி ஆமாம் என்றார். காலையில் பார்ப்போம் என்று படுக்கவைத்தேன். விடியும்போது அவர் எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. படியில் அடிபட்டு மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு உயிர் பிழைத்தார், ஆனால் இடது கை பழையபடி வரவே இல்லை. அந்த ஒரு ராத்திரியை நான் இன்னும் மறக்கவில்லை. வலிப்புக்குப் பிறகு கை விழுந்தால், எத்தனையாவது முறை என்றாலும், 'எப்போதும் வருமே' என்ற சொல்லை நம்பி உட்காரக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

பக்கவாதமே வலிப்போடு தொடங்குவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஸ்கேன் பார்த்துத்தான் பிரிக்க முடியும். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் விடிகாலை தொடங்கி பத்து மணிவரை கணப்பருகே உட்கார்ந்திருந்தீர்கள் என்று படித்தபோது எனக்குப் பதைத்துவிட்டது. குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, அடுத்த முறைக்காக எழுதுகிறேன். நேரே 108. கூடவே விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் வலிப்பு வரும், ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதும் நடக்கும்.

இன்னொன்று. உதறல் நின்றுவிட்டதாலேயே வலிப்பு முடிந்தது என்று அர்த்தம் இல்லை. விழுந்த கையின் விரலோ உதட்டோரமோ லேசாகத் துடித்துக்கொண்டே இருந்தால், அல்லது ஆள் தெளியாமலே இருந்தால், உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, மணி என்ன என்பதெல்லாம் டாக்டருக்கு வேண்டும்.

கணப்புச் சட்டி பற்றியும் சொல்ல வேண்டும். குளிரில் மரத்துப்போன கை என்று நினைத்து நெருப்பில் காட்டுகிறோம். ஆனால் அந்த நேரத்தில் கைக்குச் சூடு தெரியாமல் போகலாம், தெரிந்தாலும் இழுத்துக்கொள்ள முடியாது, சொல்ல வாயும் இல்லை. இப்படிப் புறங்கை முழுக்கக் கொப்பளித்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கை இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டது, தழும்பு போகவே இல்லை. போர்வை போர்த்தினால் போதும். கதவைச் சாத்திக் கரி எரிப்பதே ஆபத்து, அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் ஸ்பூன், துணி எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அதுவே நின்றுவிடும், அப்போது சாவி கையில் இருந்ததால் சாவிக்குப் பெயர். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ அப்போதே வண்டிக்குச் சொல்லுங்கள். வாய் குழறும்வரை காபி, தண்ணீர் வேண்டாம், தொண்டையும் சரியாக வேலை செய்யாது, நுரையீரலுக்குள் போய்விடும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு கெட்டுவிடும்.

பூச்சி முட்டை விஷயத்துக்கு வருகிறேன். பன்றிக்கறி தின்றால்தான் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சரியாக வேகாத கறியைத் தின்றவர் வயிற்றில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் முட்டை வெளியேறும். அது மண்ணிலும் தண்ணீரிலும் கழுவாத கையிலும் ஒட்டி இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் மூளைவரை போகிறது. அந்த இன்னொருவர் கறியே தொடாதவராக இருக்கலாம். நம் பிள்ளைகள் தோட்டத்தில் கேரட்டைப் பிடுங்கி, மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கடிப்பார்களே, அது போதும். தோல் சீவி, நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுங்கள். சமைத்தால் இன்னும் நல்லது. உங்கள் மகளின் தலையில் இருப்பது பழைய தழும்பு. பூச்சி செத்துப்போய்விட்டது, இனிப் பூச்சி மாத்திரையால் அதற்குப் பயன் இல்லை. தழும்பு உறுத்தும், அதனால் வலிப்பு வரும், அதை அடக்கத்தான் தினசரி மாத்திரை.

அந்த மாத்திரையைத்தான் அவள் நிறுத்திவிட்டாள். மூன்று வருடம் வலிப்பு வராமல் இருந்தது நோய் போனதால் இல்லை, மாத்திரையால். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் பார்த்து, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டியது. இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது மேலும் தூண்டிவிட்டது. பண்டிகைக்குப் போகட்டும், ராத்திரி வீட்டில் வந்து தூங்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாத்திரைக் கையிருப்பு பத்து நாளைக்காவது கூடுதலாக இருக்கட்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து மலைப்பாதைகள் அடைபட்டது உங்களுக்கே நினைவிருக்கும்.

கொழுந்து பறிக்கப் போகலாமா? போகலாம். மாத்திரை பிடித்துக்கொள்ளும்வரை செங்குத்தான பக்கத்தில் தனியாக விட வேண்டாம், அறுக்கும் மெஷினும் வேண்டாம், மேஸ்திரியிடம் சொல்லிவையுங்கள். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாமல் இருக்கட்டும். கல்யாணத்துக்கு இது தடையில்லை. வலிப்பைக் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று சொல்ல இடம் கொடுத்த வரியை 1999லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மறைத்துச் செய்யாதீர்கள், மறைத்தால் அவள் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுவாள், ஒருநாள் விட்டும்விடுவாள். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. வல்புரோயேட் என்றால் கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள், வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவர் மாற்றித் தருவார்.

கடைசியாக உங்கள் நாத்தனார். அன்று காலை அவர் அறைக்குள் என்ன பேசினார் என்று நீங்கள் எழுதவில்லை. கை விழுந்த பெண்ணைச் சுற்றி நின்று இந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். 'இனி இவளை யார் கட்டுவா' என்பதுதான் பெரும்பாலும். வாய் குழறியவளுக்குக் காது கேட்காது என்று நினைத்துவிடுகிறோம். பேச்சு போயிருந்தாலும் பேசுவது புரிந்துகொண்டிருக்கலாம், பதில் சொல்லத்தான் வாய் வராது. அவள் அத்தையிடம் முகம் கொடுக்காததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. தனியாக இருக்கும்போது, அன்றைக்கு உனக்கு என்னவெல்லாம் கேட்டது என்று மெதுவாகக் கேளுங்கள். நான் நினைப்பது சரியாக இருந்தால், அத்தையைப் புறா இல்லாமல் ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லி அவள் பக்கத்தில் உட்காரவையுங்கள்.