வாசகர் கேள்வி – பதில்: நூறு 'பாவம்' வருகிறது, வீடு ஒன்றும் வரவில்லை

கேள்வி: நான் சென்னையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஞாயிறுதோறும் தோழிகள் மூவருடன் ஒரு விலங்குக் காப்பகத்துக்குச் சென்று உதவி வருகிறேன். குட்டிகளைத் தேடி வந்து தத்தெடுக்கிறார்கள். வளர்ந்த நாட்டு நாய்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் 'பாவம்' என்று நூறு பேர் எழுதுகிறார்கள். நேரில் வருபவர் எவருமில்லை. நாங்கள் எங்கே தவறுகிறோம்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: 'பாவம்' என்று எழுதுபவர் அந்த நாயைத் தம் வீட்டு வாசலில் வைத்து நினைத்துப் பார்க்கவில்லை, உங்கள் படமும் குறிப்பும் அவரை அப்படி நினைக்க வைக்கவும் இல்லை. கம்பிகளுக்குப் பின்னால் ஏங்கி நிற்கும் நாயின் படம் இரக்கத்தைத் தூண்டும். ஆனால், தத்தெடுக்கும் எண்ணமுள்ள குடும்பத்துக்குத் தெரிய வேண்டியவை வேறு: பிள்ளைகளோடு ஒத்துப்போகுமா, மாடிப்படி ஏறுமா, தனியே விட்டுப் போனால் ஊளையிடுமா, வீட்டில் சமைப்பதைச் சாப்பிடுமா? (தயிர்சாதத்தை மறுத்த நாட்டு நாயை நான் இதுவரை கண்டதில்லை.)

காப்பகப் பணியாளர்களுக்குக் கூண்டு கழுவி மருந்து கொடுப்பதற்கே பொழுது சரியாகிவிடும் என்பதால், இந்த விவரங்களைச் சேகரிக்க உங்களைப் போன்றவர்கள்தாம் வேண்டும். எல்லா நாய்களையும் கொஞ்சிவிட்டுத் திரும்பாமல், ஆளுக்கு இரண்டு நாய்களை மட்டும் பொறுப்பேற்று, வாராவாரம் வெளியே நடத்திச் சென்று, கண்டதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு மாதத்தில் ஒரு குறிப்பு இப்படித் தேறலாம்: 'நான்கு வயதுப் பெண் நாய். கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டன. பின்னங்கால் ஒன்று இல்லை. ஆனாலும் படி ஏறும். ஆட்டோ சத்தத்துக்கு அஞ்சாது, துடைப்பத்தைக் கண்டால் ஒதுங்கும். இன்னொரு நாயைத் தன் தட்டின் அருகே விடாது.' கடைசி வரியை மறைக்கத் தோன்றும். மறைத்தால், ஏற்கெனவே நாய் வளர்க்கும் வீட்டுக்கு அதை அனுப்பிவிட்டு, பத்தே நாளில் திரும்ப வாங்கிக்கொள்ள நேரும்.

படத்தைக் கூண்டுக்கு வெளியே, வெயில் ஏறுமுன், தரையில் உட்கார்ந்து நாயின் கண்மட்டத்தில் எடுங்கள். கறுப்பு நாய் படத்தில் வெறும் நிழலாகத்தான் விழும். கைபேசித் திரையில் அதன் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால்தான் கண்கள் தெரியும்.

வளர்ந்த நாய்கள் காப்பகத்தில் தங்கிவிடுவதற்குக் காரணமும் உண்டு. தெருநாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே தொடங்கியது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் அதையே சொல்கின்றன. எனவே காப்பகத்தில் மிஞ்சுபவை பெரும்பாலும் விபத்தில் அடிபட்டவை, பார்வை போனவை, வளர்த்தவர்களே கைவிட்டவை. தத்தெடுக்க வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 'பெரிய நாய் என்றால் முரட்டு நாய்' என்ற எண்ணம் பலருக்கு அங்கேயே தளர்ந்துவிடும்.

நாய் வண்டியேறிப் போனதும் உங்கள் வேலை முடிவதில்லை. புது வீட்டில் முதல் சில நாள்கள் பல நாய்கள் சாப்பிடாமல் கட்டிலடியில் ஒடுங்கிக் கிடக்கும். கதவு சற்றே திறந்திருந்தால் ஓடிவிடும். மூன்றாம் நாள் ஒரு முறையும், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறையும் தவறாமல் தொலைபேசியில் கேளுங்கள். டெல்லித் தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்கிறது. ஒத்துவராவிட்டால் காப்பகத்திடமே திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் பெற வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் விலங்குக் காப்பகத்துக்குப் போகத் துடிக்கிறான். நாய் கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு தாய், தாம்பரம்

பதில்: அனுப்பலாம், அம்மா, ஆனால், கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிட்டு அனுப்புங்கள். அதைப் போட்டிருந்தாலும், நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திட்டு விழும் என்று பிள்ளைகள் சிறு கீறலை மறைப்பதுதான் உண்மையான ஆபத்து. சொன்னால் திட்ட மாட்டேன் என்று இப்போதே அவனுக்கு வாக்குக் கொடுங்கள். முதல் மாதம் அவன் கூண்டுக்குள் போகவே வேண்டாம். வெளியே உட்கார்ந்து தத்துக் குறிப்புகள் எழுதவும், வருபவர்களுக்கு விவரம் சொல்லவும் அங்கே எப்போதும் ஆள் தேவை.