ஈராக் குவைத்தைப் பிடித்தபோது இந்தியா வாயை மூடிக்கொண்டது சரியா? அதனால் நமக்கு என்ன நஷ்டம் வந்தது?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்தேன். 'நம் வெளியுறவு மந்திரி பாக்தாத் போய் சதாம் உசேனைக் கட்டிப்பிடித்தார், நாட்டுக்கே தலைகுனிவு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 'குவைத்திலிருந்து திரும்பியவர்களுக்கு ஐநா டாலராகக் கொட்டிக் கொடுத்தது, அவர்கள் காட்டில் மழை' என்று இன்னொருவர். இரண்டாவதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று நான் குவைத்தில்தான் இருந்தேன்.

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம். அல்லது உங்கள் வீட்டிலும் அண்ணனோ மாமாவோ வளைகுடாவில் இருந்து, செய்தியைப் பார்த்துப் பயந்து கேட்டிருக்கலாம். எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. சதாமுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. சின்ன நாட்டைப் பெரிய நாடு ராத்திரியோடு ராத்திரியாக விழுங்கியது அநியாயம். அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

குவைத்தில் சல்மியா என்ற பகுதியில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். ஷுவைக்கில் ஓர் உதிரிபாகக் கிடங்கில் எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. சம்பளம் 120 தினார், அன்றைய மதிப்பில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் வாத்தியார்கூட அதில் பாதி வாங்கவில்லை. ஜூலை மாதச் சம்பளத்தை வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வியாழக்கிழமை விடியற்காலையில்தான் ஈராக் ராணுவம் உள்ளே வந்தது. அறையில் சீட்டு எடுத்த பணம் 340 தினார் என்னிடம் ரொக்கமாக இருந்தது. ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்காக வைத்திருந்தது. வங்கிகளைப் பூட்டிவிட்டார்கள். சில நாளில், ஒரு குவைத் தினாரும் ஒரு ஈராக் தினாரும் ஒன்றுதான் என்று ஈராக் அறிவித்துவிட்டது. வெளிச்சந்தையில் ஈராக் தினாருக்கு குவைத் தினாரின் மதிப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. என் தங்கச்சி கல்யாணப் பணம் ஒரே அறிவிப்பில் கரைந்துபோனது. பொருளாதார விளைவு என்று கேட்கிறீர்களே, எனக்கு முதலில் வந்து விழுந்தது அதுதான்.

இரண்டாவது வாரம் கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது, ஆனாலும் சாவி என்னிடம் இருந்தது. நான் ஷட்டரைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் ராணுவ லாரி ஒன்று வந்து நின்றது. ஓர் அதிகாரியும் ஏழெட்டுப் பையன்களும் இறங்கினார்கள். பாதிப் பேருக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. டயர்களைத் தூக்கி ஏற்ற ஆரம்பித்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைப்பழக்கத்தில் ஸ்டாக் பேரேட்டை எடுத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். 212 டயர். அளவு வாரியாக எழுதி, தேதி போட்டு, 'எடுத்துச் சென்றது: ராணுவம்' என்று கீழே எழுதினேன். அதிகாரி எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பையன் மட்டும் என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அந்தப் பேரேட்டைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வர மனசில்லை. முதலாளி வீட்டுப் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது கட்டிப்பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய வெளியுறவு மந்திரி ஐ.கே.குஜ்ரால் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பாக்தாத் போனார். அந்தப் போட்டோ உலகம் முழுக்கப் போனது. சரி, அன்றைய நிலைமை என்ன? குவைத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். கடல் வழி அடைப்பு, குவைத் விமான நிலையம் ஈராக் ராணுவத்தின் கையில். வெளியே போக ஒரே வழி ஈராக்கின் பாஸ்ரா, பாக்தாத், பிறகு பாலைவனம் தாண்டி ஜோர்டான். அந்த வழி முழுவதும் சதாம் கையில். தவிர, ஈராக்கும் குவைத்தும் நமக்கு எண்ணெய் தரும் நாடுகள். ஈராக்கில் கட்டுமான வேலை செய்த இந்திய நிறுவனங்களுக்கு அவர்கள் பாக்கி வேறு வைத்திருந்தார்கள். காஷ்மீர் விஷயத்தில் நம் பக்கம் பேசிய அரபு நாடு ஈராக். இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு மந்திரி அங்கே போய் என்ன செய்வார்? அவர் கைகொடுத்ததால்தான் என் போன்றவர்கள் பஸ் ஏறினோம் என்று நான் நம்புகிறேன். இதை யாரும் மறுக்கலாம், ஆனால் அந்த சல்மியா அறையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

எங்களைப் பஸ் கிளம்பும் இடத்துக்குத் தன் காரில் கொண்டுபோய் விட்டவர் எங்கள் கம்பெனியின் கணக்காளர், ஒரு பாலஸ்தீனியர். ஹவல்லியில் குடியிருந்தார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தோம், வாங்கவில்லை. இரண்டு பை குப்பூஸ் (அரபு ரொட்டி) கொடுத்து அனுப்பினார். பாஸ்ரா தாண்டி பஸ் நின்றுபோன இடத்தில், கறுப்பு அபாயா போட்ட ஒரு வயதான அம்மா ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து நீட்டினார். ஜோர்டான் எல்லைக்கு அந்தப் பக்கம் கூடாரத்தில் ஒன்பது நாள் கிடந்தோம். பகலில் கூடாரத் துணியைத் தொட முடியாது, ராத்திரி குளிர். ரொட்டி லாரி வந்தால் ஆள்மேல் ஆள் விழுவார்கள். படித்தவன், படிக்காதவன் என்ற பேதமெல்லாம் அங்கே மூன்றாவது நாளே போய்விட்டது. அம்மானில் பணம் மாற்றுபவனிடம் 200 தினாரைக் கொடுத்தேன். அவன் கொடுத்ததை இங்கே எழுதவே மனம் வரவில்லை. மீதி 140 தினார் என் பெட்டியில் இருந்தது. ஊர் வங்கியில் வாங்க மறுத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு குவைத் புது நோட்டு அடித்தது. நான் 1992இல் திரும்பப் போனபோது பழைய நோட்டை மாற்றும் கெடு முடிந்திருந்தது.

அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா. 59 நாளில் 488 விமானம் ஓட்டினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு பைசா வாங்காமல் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் எனக்கு அது நினைவுக்கு வரும். தாதரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது செய்தித்தாள் முழுக்க மண்டல் கமிஷன் இட ஒதுக்கீடு. அன்றைய பிரதமர் வி.பி.சிங் அதை அறிவித்தது ஆகஸ்ட் 7, குவைத் விழுந்த ஐந்தாம் நாள். எங்கள் செய்தி உள்பக்கத்தில் இருந்தது.

ஊருக்கு வந்து இறங்கியவனிடம் 'என்னப்பா கொண்டுவந்தே?' என்றுதான் கேட்டார்கள். அப்பா மட்டும்தான் சாப்பிட்டாயா என்று கேட்டார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், குடும்ப விஷயத்தை எழுதுவதா என்றும் கேட்பீர்கள். 1988இல் ஒரு மனை வாங்க அண்ணனுக்கு 35,000 ரூபாய் அனுப்பியிருந்தேன். நான் அங்கே இருந்ததால் பத்திரம் அவர் பெயரில். திரும்பி வந்து, அதை விற்றாவது தங்கச்சி கல்யாணத்தை முடிப்போம் என்றேன். 'என் பெயரில் இருக்கிறதை நீ எப்படி விற்பாய்?' என்றார். வீட்டு வாசலில், அம்மா முன்னால். சதாம் எடுத்த 212 டயருக்குக்கூடக் கணக்கு எழுத முடிந்தது. அந்த மனைக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் யார் பெயரில் எதை வாங்குகிறார்கள் என்று இன்றைக்கும் என் வயிறு பதறுகிறது. சரி, விடுகிறேன்.

நாட்டுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்கள். ஜூலையில் பீப்பாய் 17 டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய் அக்டோபரில் 40 டாலரைத் தொட்டது. இங்கே பெட்ரோலியப் பொருட்கள் மீது வளைகுடா சர்சார்ஜ் (கூடுதல் வரி) என்று 25 சதவீதம் ஏற்றினார்கள். எங்களைப் போன்றவர்கள் அனுப்பிய பணம் நின்றது. வசதியான வெளிநாட்டு இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டைப் பயத்தில் எடுத்தார்கள். ஏற்கெனவே கடனில் இருந்த கஜானா ஆட்டம் கண்டது. 1991 நடுவில் மூன்று வார இறக்குமதிக்குக்கூட அந்நியச் செலாவணி காணாத நிலை. மே மாதம் 20 டன் தங்கத்தை விற்றார்கள், ஜூலையில் சுமார் 47 டன்னை வெளிநாட்டில் அடகு வைத்தார்கள். ரூபாய் மதிப்பை மூன்று நாளில் இரண்டு முறை இறக்கினார்கள். எல்லாவற்றுக்கும் குவைத்தே காரணம் என்று சொல்ல மாட்டேன். வீடு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, அந்த மழையில் சுவர் சாய்ந்தது.

அரசியலிலும் அப்படித்தான். சந்திரசேகர் பிரதமரானதும் அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்களுக்கு பம்பாய், சென்னை விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்ப அனுமதித்தார். 1991 ஜனவரியில் அது வெளியே தெரிந்து, வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த ராஜீவ் காந்தி எதிர்த்தார். பிப்ரவரியில் நிறுத்தினார்கள். முழு பட்ஜெட்டே போட முடியாமல் மார்ச் 6 அன்று அந்த ஆட்சி ராஜினாமா செய்தது. ஆகஸ்டில் சதாமைக் கட்டிப்பிடித்த நாடு ஜனவரியில் சதாமை அடிக்கப் போன விமானத்துக்கு எண்ணெய் ஊற்றியது. இரண்டையும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்று கையில் டாலர் இல்லாதவனுக்கு என்ன கொள்கை மிஞ்சும் என்றும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆனால் வாயை மூடிக்கொண்டதற்கு விலை இருந்தது. 1992இல் அதே கம்பெனிக்குத் திரும்பினேன். ஈராக் ராணுவம் போகும்போது அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தியிருந்தது. கடைசிக் கிணறை அடைத்தது 1991 நவம்பரில். நான் போனபோதும் கிடங்குச் சுவரைத் தடவினால் விரலில் பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டியது. முதலாளியின் அக்கா மகன் காணாமல் போயிருந்தான். ஈராக்கியர்கள் பிடித்துப் போய்த் திரும்பாத அறுநூறு பேரில் அவனும் ஒருவன். ஒருநாள் டீ குடிக்கும்போது முதலாளி கேட்டார்: 'எங்கள் வீட்டைப் பிடித்தவனை உங்கள் வஸீர் (மந்திரி) ஏன் கட்டிக்கொண்டார்?' நான் சொன்னேன், 'பாபா, உள்ளே நாங்கள் இருந்தோம்.' கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'சரி. நீங்கள் எல்லோரும் வெளியே போன பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்றார்.

எனக்கு அதற்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அக்டோபரில் கடைசி விமானம் இறங்கியாயிற்று. அதற்குப் பிறகாவது நாம் வெளிப்படையாகக் கண்டித்திருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆகஸ்டில் பேசாதது சரி, அக்டோபருக்குப் பிறகும் பேசாதது தப்பு.

அந்தக் கணக்காளர் திரும்பவில்லை. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத் சதாம் பக்கம் சாய்ந்ததற்கு, குவைத்தில் இருந்த நாலு லட்சம் பாலஸ்தீனியர்களில் பெரும்பாலோர் வெளியேற வேண்டிவந்தது. எங்களுக்கு குப்பூஸ் கொடுத்த மனிதருக்கும் அராபத்துக்கும் என்ன சம்பந்தம்? ஹவல்லியில் அவர் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

கடைசியாக அந்த 'டாலர் மழை'. ஐநா இழப்பீட்டு ஆணையத்துக்கு விண்ணப்பம் போட்டது உண்மை. குவைத்தை விட்டு வெளியேறியதற்கு மட்டும் கேட்டால் தனி ஆளுக்கு 4,000 டாலர், ஆனால் வேறு பிரிவில் எதுவும் கேட்கக் கூடாது. சம்பள பாக்கி, சேமிப்பு, சாமான் இழப்புக்கு வேறு பிரிவு, அதற்கு ஆதாரம் வேண்டும். படிவம் நிரப்பிக் கொடுத்தவர், 'கையில் ஒரு காகிதமும் இல்லை, முதலாவதையே போடுங்கள்' என்றார். போட்டேன். எட்டு வருட சர்வீஸ் பணம் அதோடு போனது. 4,000 டாலர் தொண்ணூறுகளின் பின்பாதியில் இரண்டு தவணையாக வந்தது. தங்கச்சி கல்யாணம் அதற்குள் கடனில் முடிந்து, வட்டியே அதைத் தின்றுவிட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஈராக் விற்ற எண்ணெயிலிருந்து. பதின்மூன்று வருடம் தடையில் கிடந்து, மருந்துக்குத் திண்டாடிய சனங்களின் எண்ணெய். 2022 வரை மொத்தம் 5,240 கோடி டாலர் கட்டி முடித்தார்கள். அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்த அந்த அம்மாவும் கட்டியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

முதலாளிக்கு டயருக்கு இழப்பீடு கிடைத்தது. நான் எழுதிக் கொடுத்த அந்தப் பேரேட்டுப் பக்கத்தையும் ஆதாரமாக வைத்தார். என்னைக் கூப்பிட்டு அவரே காட்டினார், என் கையெழுத்து.

ஆகவே, உங்கள் அண்ணன் அங்கே இருந்தால் இன்று ராத்திரியே போன் போடுங்கள். பயமுறுத்த வேண்டாம். பாஸ்போர்ட், பத்தாக்கா (அங்கே தரும் அடையாள அட்டை), வேலை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மனை வாங்குவதாக இருந்தால் அவர் பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள்.