கணினி கேள்வி–பதில்: 'எஸ்பின்' என்பது பூட்டு அல்ல

கேள்வி: என் லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை இயங்கவில்லை. எந்தச் சிப் உள்ளது என்று அறியச் சாதாரணப் பயனராக நுழைந்து, கணினியின் உள் சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளையைக் கொடுத்தால், அந்த நிரல் நிர்வாகிக்கான நிரல்கள் இருக்கும் 'எஸ்பின்' (sbin) கோப்புறையில் இருப்பதாகவும் அதற்கு ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி) உரிமை தேவைப்படலாம் என்றும் திரையில் வருகிறது. டெபியன் என்னும் லினக்ஸ் வகை உள்ள நண்பரின் கணினியில் இதே கட்டளை தடையின்றி இயங்குகிறது. எது சரி?

பதில்: உங்கள் நண்பரின் கணினியில் உள்ள ஏற்பாடே சரி. லினக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று வகுக்கும் எஃப்எச்எஸ் ஆவணம் (அதன் 3.0 பதிப்பு 2015இல் வெளிவந்தது), சாதாரணப் பயனர் எப்போதாவது நேரடியாக இயக்கக்கூடிய எந்த நிரலையும் எல்லாருக்குமான 'பின்' (bin) கோப்புறைகளில் ஒன்றில்தான் வைக்க வேண்டும் என்கிறது. வலை இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' நிரல் நிர்வாகிக்கு இன்றியமையாதது என்றாலும், மற்றவர்களும் பயன்படுத்துவதால் 'பின்'னிலேயே இருக்க வேண்டும் என்பது அந்த ஆவணமே தரும் எடுத்துக்காட்டு.

'எஸ்பின்'னில் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. உங்கள் கணினியில் அந்தக் கோப்புறை சாதாரணப் பயனரின் தேடல் பாதையில் (பெயரை மட்டும் தட்டச்சு செய்தால் நிரலைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலில்) இல்லை, அவ்வளவுதான். முழுப் பாதையையும் தட்டச்சு செய்தால் நிரல் இயங்கும். உண்மையான காவல் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் இருக்கிறது. பிசிஐ என்னும் உள் இணைப்பு வழியாகச் சேர்ந்துள்ள ஒவ்வொரு சாதனத்தின் அமைவுத் தகவலில் முதல் 64 பைட்டுகளை எவரும் படிக்கலாம். எஞ்சியதை ரூட்டுக்கு மட்டுமே கெர்னல் காட்டுகிறது. விரிவான பட்டியலைக் கேட்கும்போது சில வரிகளில் அனுமதி மறுக்கப்பட்டது என்று வருவது இதனால்தான். சிப்பின் பெயர், தயாரிப்பாளர், இயங்கும் டிரைவர் ஆகிய மூன்றும் மறைக்கப்படுவதில்லை.

கணினியின் வன்பொருள் விவரங்களைக் காட்டும் 'டிஎம்ஐடிகோட்' நிரல் வேறு வகை. அது படிக்கும் அட்டவணைகளில் கணினியின் வரிசை எண்ணும் அடங்கும் என்பதால் அவற்றைக் கெர்னல் ரூட்டுக்கே திறக்கிறது; ஆகவே அது 'எஸ்பின்'னில் இருப்பது நியாயம். சாதனத்தின் அமைவை மாற்றும் 'செட்பிசிஐ'யும் நிர்வாகிக்கு உரியதே. வெறுமனே பட்டியலிடும் ஒரு கருவிக்காகப் புதியவர்களை, ரூட் உரிமையுடன் நிரலை இயக்கும் 'சூடோ' கட்டளையைப் போடப் பழக்குவதுதான் எனக்குக் கவலை தருகிறது. தேவையற்ற இடத்தில் ரூட் உரிமையைப் பயன்படுத்தும் கை, ஆபத்தான இடத்திலும் தயங்காது.

இப்போதைக்கு '/எஸ்பின்/எல்எஸ்பிசிஐ' (/sbin/lspci) என்று முழுப் பாதையுடன் கொடுங்கள். கூடவே ஒரு சிறுகோடும் சிறிய 'கே' எழுத்தும் (-k) சேர்த்தால், வைஃபை சிப்புக்கு டிரைவர் அமைந்துள்ளதா என்பது தெரியும். சிப் பட்டியலிலேயே இல்லையென்றால் அது யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கலாம். யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) கொடுத்துப் பாருங்கள்.